24க்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி

பின்லாந்தில் ஓலு என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். போன டிசம்பரில் திருவொற்றியூரில் மைனஸ் 24 டிகிரி குளிர் அடித்தது என்று அவர் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பார். அதற்குக் காரணம் நான்தான்.

வீட்டில் சொன்னபோது "இதெல்லாம் ஒரு விஷயமா" என்றார்கள். ஹாம் நண்பர்களிடம், அதாவது லைசன்ஸ் வாங்கி என்னைப் போலவே பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்களிடம், சொன்னால் சிரிக்கிறார்கள். ஒருவர் மட்டும், "லாக்ல டெம்பரேச்சருக்கு கட்டமே கிடையாதேப்பா, இதுல என்ன தப்பு?" என்று சட்டம் பேசினார். அவர் சொன்னது சரிதான். இரண்டு ஹாம்கள் பேசிக்கொண்டார்கள் என்று பதிவு செய்ய கால் சைன் (காற்றில் எங்களுக்குப் பெயர் மாதிரி இருக்கிற எழுத்தும் எண்ணும்), தேதி, நேரம், அலைவரிசை, புள்ளியும் கோடுமான மோர்ஸா பேச்சா, சிக்னல் எப்படி இருந்தது, இவ்வளவு போதும். வெயிலும் குளிரும் ஊர்க்கதை, கணக்கில் வராது. ஆனாலும் ஒரு வருஷமாகச் செருப்புக்குள் மாட்டிய மணல் மாதிரி இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த மார்கழிக்கும் கடலோரத்தில் அதே கல்மேல் ரேடியோவோடு போய் உட்கார ஆரம்பித்தாயிற்று. எழுதித் தொலைத்துவிடலாம் என்று தோன்றியது.

கல்லும் உப்புத் தண்ணீரும்

எனக்குத் தண்டையார்பேட்டை. நெருக்கமான தெருவில் இரண்டாம் மாடி வீடு. கீழே லேத் பட்டறை, எதிர்வீட்டில் நாலு தையல் மெஷின், அப்புறம் தெரு முழுக்க எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும் செல்போன் சார்ஜரும். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ரேடியோ அலையில் கரகரவென்று எதையாவது துப்பிக்கொண்டிருக்கும். யாருமே பேசாதபோதும் என் ரேடியோவின் சிக்னல் மீட்டர் 9ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த இரைச்சலுக்குள் ஐரோப்பாவிலிருந்து வரும் ஒரு மெல்லிய மோர்ஸ் சத்தத்தைப் பிடிப்பது, மூலக்கொத்தளம் சிக்னலில் நின்றுகொண்டு எதிர்ச்சாரியில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கப் பார்ப்பதற்குச் சமம். மொட்டை மாடியில் கம்பி கட்டிப் பார்த்தேன். கம்பி உயர்ந்தால் இரைச்சலும் சேர்ந்தே உயர்ந்தது.

அதனால் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறேன். வடசென்னைக் கடல் என்றால் மணலில் காலை நீட்டி சுண்டல் சாப்பிடும் கடல் இல்லை என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். துறைமுகம் கட்டியபோது தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தடைபட்டு நின்றது. மெரினா அகலமானது. வடக்கே கடல் ஊரை அரித்தது. அவர்களுக்கு மணல், நமக்குப் பாறாங்கல். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கரையெல்லாம் கல். இடையிடையே கடலுக்குள் கை நீட்டினாற்போல் தூண்டில் வளைவுகள். பட்டினத்தார் சமாதிக்குக் கொஞ்சம் வடக்கே அப்படி ஒரு வளைவின் நுனிதான் என் இடம்.

அரித்த கடல் என் காரியத்துக்கு மட்டும் உபகாரம் செய்கிறது. செங்குத்தாக நிறுத்திய ஆன்டெனாவுக்குக் கீழே உள்ள தரை மின்சாரத்தைக் கடத்த வேண்டும். காய்ந்த மண் அதில் மகா கஞ்சம். கடல் தண்ணீர் அதைவிட ஆயிரம் மடங்கு நன்றாகக் கடத்தும். கல்லின்மேல் 7 மீட்டர் மீன்பிடிக் கம்பை நிறுத்தி, 14 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர் சொச்சம் ஒயரை அதில் ஓட்டி, இன்னும் சில ஒயர்களைத் தண்ணீரில் போட்டுவிட்டால் போதும். அலை தொடுவானத்தை ஒட்டித் தாழ்வாகக் கிளம்பிப் போகும், தூரத்துக்கு அதுதான் வேண்டும். நான் அனுப்புவது 5 வாட்ஸ். பழைய ராத்திரி விளக்கு ஒன்றை எரிக்கிற அளவு.

ஏன் மார்கழி என்றால், அக்டோபரிலும் நவம்பரிலும் வங்காள விரிகுடாவில் வெட்டுகிற ஒவ்வொரு மின்னலும் காதில் படார் படார் என்று வந்து விழும். மழை ஓய்ந்ததும் வானம் சுத்தமாகிவிடும். சித்திரையில் அந்தக் கல்லில் உட்கார நான் இட்லி இல்லை. ஆக எங்களுக்கு சீசன் மார்கழியும் தையும்தான்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததும் ஒரு மார்கழியில்தான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கடல் உள்ளே வந்துவிட்டது என்று காசிமேட்டிலிருந்து ஜனங்கள் ஓடி வந்ததைத் தெருமுனையில் நின்று பார்த்தேன். பிற்பாடு செய்தித்தாளில் படித்தேன். பல வருஷம் கழித்து அனுமதி கிடைத்து அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோ இயக்குவதற்காக பாரதி பிரசாத் என்பவர் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்ததாம். உலகம் முழுக்க ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் குழுதான், சுனாமி வந்த பிறகு தீவுகளிலிருந்து சேதி அனுப்புகிற வேலையைப் பார்த்தது. தொலைபேசி இல்லாத இடத்தில் ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, ஒரு கம்பி. அந்தச் செய்தியைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்தேன். மோர்ஸ் படித்து, பரீட்சை எழுதி, லைசன்ஸ் கையில் வர இன்னும் பல வருஷம் ஆனது. அது தனிக்கதை.

பனி

குளிர் தேசத்து ஹாம்களுக்கு வெளியே போவது ஒரு வீரம். மலை உச்சிகளில் ஏறி இயக்குகிற சோட்டா என்ற விளையாட்டு 2002இல் பிரிட்டனில் தொடங்கியது. அதில் குளிர்காலத்தில் ஏறினால் உயரமான மலைகளுக்கு 3 புள்ளி கூடுதல் போனஸ். அமெரிக்காவில் ஜனவரி கடைசி வாரக்கடைசியில் இதற்கென்றே கூடாரம் அடிக்கிறார்கள். அவர்கள் எழுதுகிற அறிவுரைகளை வருஷா வருஷம் நான் படிப்பேன். பேட்டரியை உடம்போடு ஒட்டி வை, குளிரில் அதன் சக்தி பாதியாகிவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் போடாதே, கெட்டுவிடும். பேனா உறையும், பென்சில் கொண்டு போ. ஆன்டெனாவுக்குப் போகிற கோஆக்ஸ் கேபிள் விறைத்துப் போகும், வளைக்காதே. பனித்தூள் ஆன்டெனாவில் உரசினால் மின்னேற்றம் கிளம்பி இரைச்சலாகக் கேட்கும். இதையெல்லாம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிற சுகமே தனி.

சென்னை வானிலை நிலையத்தின் கணக்கில் இதுவரைக்கும் பதிவான ஆகக் குறைந்த வெப்பம் 13.9 டிகிரி. அதுவும் 1895இல் ஒருமுறை, 1905இல் ஒருமுறை. எங்கள் வீட்டிலோ 22 டிகிரிக்கே மங்கி கேப் வெளியே வந்துவிடும். விடியற்காலை நாலரைக்கு நான் பையைத் தோளில் மாட்டினால் அம்மா தூக்கத்திலேயே குரல் கொடுப்பார்: "தலையில பனி இறங்கிடும்டா, கட்டிகிட்டுப் போ."

தமிழில் பனி என்றால் இரண்டும்தான். அம்மா சொல்கிற பனி புல்நுனியிலும் பைக் சீட்டிலும் நிற்கிற ஈரம். ஓலுக்காரர் நிற்கிற பனி கட்டி. நம்முடைய ஆறு பருவத்தில் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயர் வைத்தவர்கள் பனிக்கட்டியைப் பார்த்தா வைத்தார்கள்? மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொன்ன பாட்டிகளுக்கும் ஐஸ் என்பது சோடாக்கடைச் சமாசாரம். அந்தப் பழமொழியை நான் உயர்வு நவிற்சி என்று நினைத்திருந்தேன். துளைக்கும் என்பதை என் ரேடியோதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இரண்டு மார்கழிக்கு முந்தைய கதை. விடியற்காலை ஐந்து மணி, 7 மெகாஹெர்ட்ஸில் ஐரோப்பா முழுக்கத் திறந்திருந்தது. அந்த நேரத்துக்கு இங்கிருந்து மேற்கே போகிற வழியெல்லாம் இருட்டு. பகலில் அலையை விழுங்குகிற வளிமண்டல அடுக்கு ராத்திரியில் காணாமல் போய்விடும் என்பதால், விடிவதற்கு முந்தின ஒரு மணி நேரம் எங்களுக்குத் தங்கம். காற்று அசையவில்லை. வானம் துல்லியமாக இருந்தது. கோயில் ஸ்பீக்கரில் திருப்பள்ளியெழுச்சி. மோர்ஸ் அடிக்கிற சாவியான பேடிலைத் தட்டி என் கால் சைனை அனுப்பினேன். உடனே நாலைந்து பேர் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். என் 5 வாட்ஸுக்கு இத்தனை மவுசா என்று புரியவில்லை. இரண்டு நிமிஷம் நான் ராஜா. அப்புறம்தான் அவர்கள் திருப்பி அனுப்புகிற கால் சைனைக் கவனித்தேன். இந்தியாவின் எழுத்துகள் வி, யு. மோர்ஸில் வி என்பது மூன்று புள்ளி, ஒரு கோடு. என் பேடில் தானாக ஒரு புள்ளியைக் கூட்டிப் போட்டிருந்தது. நாலு புள்ளி, ஒரு கோடு என்றால் எண் 4. நாலு, யு என்று தொடங்கும் கால் சைன் ஐக்கிய நாடுகள் சபைக்கு உரியது. அபூர்வமாகத்தான் காற்றில் கிடைக்கும். ஒரு புள்ளி கூடியதில் திருவொற்றியூர் ஐநா சபை ஆகிவிட்டது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ரேடியோ பெட்டி வியர்த்து வழிந்தது. பேடிலின் இரண்டு தொடுமுனைகளுக்கு நடுவே, முடியளவு இடைவெளியில், ஒரு சொட்டு நின்றது. வெறும் பனித்துளியாக இருந்தால் இவ்வளவு வேலை செய்யாது. கடலோரத்தில் எதன்மேலும் உப்பு ஒரு மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மார்கழியில் சமையலறை உப்பு ஜாடி நசநசத்துப் போவது இதனால்தான். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். நான் தொடாமலே புள்ளி போகும். கேபிள் கனெக்டருக்குள்ளும் அதே கதை, ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஆன்டெனா அளவீடு ஒன்றரையிலிருந்து மூன்றுக்கு ஏறிவிட்டது. லாக் புத்தகம் அப்பளமாவு போல் துவண்டு கிடந்தது, ஜெல் பேனா எழுதியது அத்தனையும் ஊறிப் பூத்துவிட்டது.

அன்றைக்குத் துண்டால் துடைத்துவிட்டு, என் சரியான கால் சைனை மெதுவாக மூன்றுமுறை அனுப்பினேன். இந்தியா, மன்னிக்கவும், ஈரம் என்றேன். கூப்பிட்டவர்கள் எல்லாரும் பேச்சு மூச்சில்லாமல் மறைந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் நின்று பேசிவிட்டுப் போனார். நஷ்டம்தான். ஆனாலும் திருத்தினேன் என்பதைச் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் அடுத்த வருஷம் நான் செய்தது இதற்கு நேர்மாறு.

மறைகிற சூரியன்

போன டிசம்பர் கடைசி வாரம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். விடியற்காலைப் பனிக்குப் பயந்து நேரத்தை மாற்றியிருந்தேன். கல்லின் நுனியில் என்னைத் தவிர ஒரே ஒரு பெரியவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தலையில் துண்டு, கையில் தூண்டில். என் கம்பைப் பார்த்து, "இன்னா தம்பி, இவ்ளோ பெரிய கம்பு, முள்ளு எங்க?" என்றார். ரேடியோ என்றேன். போலீஸா என்றார். இல்லை, பொழுதுபோக்கு, லைசன்ஸ் இருக்கிறது என்று லாமினேட் செய்த நகலைக் காட்டினேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கம்பியை நட்டுக்கொண்டு உட்காருகிறவன் அதைக் கையிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அவர் தாளைப் பார்க்கவில்லை. கெழங்கா கிடைக்குமா என்று தன் வேலையில் மூழ்கிவிட்டார்.

சென்னையில் அந்த வாரம் சூரியன் மறைவது 5.48 வாக்கில். ஓலுவில் மதியம் 2 மணி சொச்சத்துக்கே மறைந்துவிடும். இரண்டு ஊருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இரண்டு ஊருக்கும் சற்றேறக்குறைய ஒரே சமயத்தில் சாயங்காலம் ஆகிறது. பகலுக்கும் இரவுக்கும் நடுவே பூமியைச் சுற்றி ஓடுகிற அந்த மங்கல் கோட்டின் மேல் இருப்பவர்களுக்குச் சில நிமிஷம் அலைகள் தாராளமாக நடந்துகொள்ளும். எங்களுக்கு இது பாடத்தில் படித்ததுதான். ஆனால் காதில் ஹெட்போனோடு, முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது கேட்பது வேறு.

5.40க்கு என் அழைப்புக்கு ஒரு பதில் வந்தது. பின்லாந்தின் கால் சைன். சிக்னல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் நடுங்கியது. துருவ ஒளி ஆடுகிற பகுதியைத் தொட்டு வருகிற அலை அப்படித்தான் நடுங்கும். அவசரமில்லாத கை. கோடுகளைக் கொஞ்சம் இழுத்துப் போடுகிற பழைய கை. அவரும் 5 வாட்ஸ், அவரும் வெளியே. பெயர் சொன்னார், ஊர் சொன்னார். அப்புறம் ஒரு வார்த்தை, நான் தவறாகப் பிடித்தேனோ என்று மறுபடி கேட்க வேண்டியிருந்தது. கடல் ஐஸ். போத்னியா வளைகுடா உறைந்துவிட்டதாம், கரையிலிருந்து நடந்துபோய் அதன்மேல் நிற்கிறாராம். அந்தக் கடலின் வடகோடியில் உப்பு மிகக் குறைவு, சீக்கிரம் உறையும் என்று பிற்பாடு படித்தேன். அந்த நிமிஷத்தில் தோன்றியது இவ்வளவுதான்: நான் கடலோரத்துக் கல்மேல் உட்கார்ந்திருக்கிறேன், இந்த மனிதர் கடல்மேலேயே நிற்கிறார்.

வெப்பம் 21 என்று அனுப்பினார். மைனஸ் என்று சொல்லவில்லை. ஐஸ்மேல் நிற்கிறவர் மைனஸ் என்று வேறு சொல்வானேன். பதிலுக்கு நானும் சொல்ல வேண்டும். செல்போனைப் பார்த்தேன், 26 என்றது. எதற்கென்று தெரியவில்லை, கூச்சமாக இருந்தது. உறைந்த கடல்மேல் நிற்கிறவரிடம் 26 என்று சொல்ல விரல் வரவில்லை. கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு போவது மாதிரி. வாடைக்காற்று அடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் குறையத்தான் போகிறது என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு 24 என்று அனுப்பினேன். நானும் பிளஸ் என்று சொல்லவில்லை. சென்னையில் பிறந்த எவன் வெப்பத்துக்கு முன்னால் பிளஸ் போட்டிருக்கிறான்?

அவரிடமிருந்து முதலில் வந்தது நாலு புள்ளி, இரண்டு புள்ளி, மறுபடி நாலு புள்ளி, இரண்டு புள்ளி. மோர்ஸில் அது சிரிப்பு. பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு: 24 என்னைவிடக் குளிர். பேட்டரியைக் கோட்டுக்குள் வை. விரல் பத்திரம். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போ.

என்ன நடந்தது என்று விளங்க எனக்கு இரண்டு மூன்று விநாடி ஆனது. இந்தியா, குளிர்காலம், கையடக்க ரேடியோ, வெளியே. அவர் மனசில் என்னை இமயமலையில் எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். பிளஸ் என்று நாலு எழுத்து அனுப்பினால் முடிந்துவிடும். என் வேகத்துக்கு நாலு விநாடிகூட ஆகாது. சிக்னல் மங்க ஆரம்பித்திருந்தது உண்மை. ஆனால் கேட்காமல் போகவில்லை. நான் அனுப்பியது நன்றி, 73. வாழ்த்துகள் என்பதற்கு எங்கள் எண். அவரும் 73 என்றார். நடுக்கம் இன்னும் கூடி, அப்படியே இரைச்சலில் கரைந்துபோனார்.

ஹெட்போனைக் கழற்றினேன். பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா, மாட்டிச்சா?"

"மாட்டிச்சுண்ணா. பின்லாந்து."

"அது இன்னா மீனு?"

கோட்டுக்குள்

ஏன் திருத்தவில்லை? இந்தக் கேள்வியைப் பல பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். முதலில், அவருடைய அக்கறையைக் கெடுக்க வேண்டாம் என்ற நல்ல எண்ணம் என்று நினைத்தேன். அது நானே எனக்குச் சூட்டிக்கொண்ட மாலை. பிறகு, அந்த ஒரு நிமிஷத்துக்கு மைனஸ் 24இல் விரல் நடுங்காமல் மோர்ஸ் அடிக்கிறவனாக இருக்க எனக்குப் பிடித்திருந்தது என்று ஒப்புக்கொண்டேன். சொன்னால் வெட்கம், ஆனால் அதுதான். கிளப்பில் சட்டம் பேசுகிற அதே நண்பர் இதற்கும் ஒரு வாதம் கண்டுபிடித்தார். மோர்ஸில் கூட்டல் குறி என்பது புள்ளி, கோடு, புள்ளி, கோடு, புள்ளி. செய்தி முடிந்தது என்பதற்கும் குறி அதுவேதான். "நீ 24ன்னு அனுப்பிட்டு கடைசில முடிவுக்குறி போட்டல்ல? அப்ப 24க்குப் பின்னால பிளஸ் போட்டுத்தானேப்பா அனுப்பியிருக்க" என்றார். ரொம்ப நேரம் சிரித்தோம். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.

காற்றில் பேசுவதில் எதையும் யாரும் சரிபார்க்க முடியாது. அவர் 5 வாட்ஸ் என்றால் 5 வாட்ஸ். கடல்மேல் நிற்கிறேன் என்றால் நிற்கிறார். எதிர்முனையில் இருப்பவன் சொல்லை அப்படியே வாங்கிக்கொள்வதுதான் இந்த விளையாட்டின் ஒரே விதி என்று புதிதாக வருகிற பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பேடிலில் ஈரம் போட்ட புள்ளியை அன்றைக்குத் திருத்தியவன், நானே போட்ட இரண்டு டிகிரியைத் திருத்தவில்லை. கவனியுங்கள், நான் வாய்விட்டுச் சொன்ன பொய் இரண்டு டிகிரிதான். மீதி 48 டிகிரி அவராகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அந்த 48ம் என் பெயரில்தான் நிற்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அடுத்த வாரம் விடியற்காலை மறுபடி கல்லுக்குப் போனேன். பிராயச்சித்தமா கிண்டலா தெரியவில்லை, அவர் சொன்னபடியே செய்தேன். பேட்டரியைச் சட்டைக்குள் போட்டேன். ரேடியோவைப் பழைய ஸ்வெட்டருக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். பேடிலை உள்ளங்கையில் பிடித்து, அனுப்புகிறபோது மட்டும் திறந்தேன். அம்மாவின் மங்கி கேப் ஹெட்போனுக்கு மேலே. ஆறு மணிக்கு பை நனைந்திருந்தது, கம்பு நனைந்திருந்தது, பைக் சீட் குளித்திருந்தது. ரேடியோவில் ஒரு சொட்டு இல்லை. பேடில் ஒரு புள்ளியைக்கூடக் கூட்டவில்லை.

யோசித்தால் எளிய விஷயம். திறந்த வானத்துக்குக் கீழே கிடக்கிற பொருள், ராத்திரி முழுக்கத் தன் சூட்டை மேலே விட்டுவிட்டுச் சுற்றியிருக்கிற காற்றைவிடக் குளிர்ந்துபோகும். பெட்டியின் தகரம் இன்னும் சீக்கிரம். அப்படிக் குளிர்ந்ததன் மேல்தான் காற்றின் ஈரம் வந்து உட்காரும். உடம்புச் சூட்டில் இருப்பதன்மேல் பனி இறங்காது. அவர் ஊரில் பேட்டரி செத்துவிடாமல் இருக்க கோட்டுக்குள் வைக்க வேண்டும். என் ஊரில் உப்புத்தண்ணீர் ஆகாமல் இருக்க. பென்சிலும் அப்படித்தான், அங்கே பேனா உறைகிறது, இங்கே ஊறுகிறது. இத்தனை வருஷம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே படித்த அறிவுரைகள்! தலையில் பனி இறங்கிடும், கட்டிக்கொள் என்று அம்மா சொன்னதும் அதே அறிவுரைதான் என்று இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது. இதை வீட்டில் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஆயுசுக்கும் கேட்க வேண்டியிருக்கும்.

ஆக, அவர் நம்பியது தவறு, சொன்னது சரி. இன்னும் நன்றிகூடச் சொல்லவில்லை.

க்யூஎஸ்எல் கார்டு என்று ஒன்று உண்டு, பேசியதற்குச் சாட்சியாக ஹாம்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது. ஹாம் சங்கத்தின் கார்டு அலுவலகம் வழியாகப் போட்டால் மூட்டையாகச் சேர்ந்து போய்ச்சேர வருஷக்கணக்காகலாம். போன வாரம் நேரடியாகத் தபாலில் போடுவது என்று முடிவு செய்து கார்டை எடுத்தேன். தேதி, நேரம், அலைவரிசை எல்லாம் எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில் இரண்டு வரி. முதல் வரியில் எண்ணை எழுதப் போகும்போது கை மறுபடி நின்றது. பிளஸ் 24 என்று எழுதினால் அவருடைய 48 டிகிரி சரியாகிவிடும். என்னுடைய இரண்டு டிகிரி அப்படியே இருக்கும். அதை அவர் எந்த ஜென்மத்திலும் கண்டுபிடிக்க முடியாது. பிளஸ் 26, மன்னிக்கவும், உங்கள் யோசனைப்படி பேட்டரியைச் சட்டைக்குள் வைத்தேன், நன்றி என்று பொடியாக எழுதினேன். கூட்டல் குறியை மட்டும் பெரிதாக.

இரண்டாம் வரி காலியாக இருந்தது. நேற்றைக்குச் சாயங்காலம் கல்லில் பெரியவரைப் பார்த்தேன். இந்த வருஷம் முட்டி வலி, தூண்டில் போடுவது குறைந்துவிட்டதாம், சும்மா காற்று வாங்க வந்திருந்தார். மைனஸ் 24 கதையை முழுசாகச் சொன்னேன். பொய்யைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அவருக்கு வேறு ஒன்று இடித்தது.

"கடலே உறைஞ்சி பூச்சுன்னா, மீனு எங்க தம்பி போவும்?"

"மேலதாண்ணா உறையும். கீழ தண்ணி இருக்கும். ஓட்டை போட்டுப் பிடிப்பாங்க."

கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். "ஓட்ட போட்டு தூண்டில் உட்டுகினு குந்தினு இருப்பாங்களா?"

"ஆமாண்ணா."

"அந்தக் குளுர்லயா? அப்ப உன் ஆளு மீனு புடிக்கத்தான் போயிருப்பாரு. ரேடியோ சும்மா கூடப் பேசிக்க. என்னா மாட்டும் அங்க, கேட்டியா?"

கேட்கவில்லை. ராத்திரி வந்து இரண்டாம் வரியில் அதை எழுதிவிட்டேன். அந்த ஐஸுக்குக் கீழே என்ன மீன் கிடைக்கும் என்று திருவொற்றியூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். திங்கட்கிழமை தபாலாபீஸ் போக வேண்டும்.